வெட்ட வெட்டத் தழைக்கும் காடு



இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போய், இரண்டு மூன்று மாதம் தங்கிவிட்டு வரும் பெற்றோர் இன்று நம்மில் நிறையப் பேர். லண்டன் கோபுரம், தேம்ஸ் நதி, அருங்காட்சியகம் எல்லாம் வந்த வேகத்திலேயே பார்த்து முடிந்துவிடும். அப்புறம் எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் இடம் ஒன்று உண்டு. கிழக்கு இங்கிலாந்தில், சஃபோக் மாவட்டத்தில், பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற பழைய ஊருக்குத் தென்கிழக்கே உள்ள பிராட்ஃபீல்டு காடு. மலை கிடையாது, அருவி கிடையாது. ஒரு காலைப் பொழுதில் நிதானமாகச் சுற்றி வந்துவிடலாம். இங்கிலாந்துக் கிராமப்புறம் என்றால் என்ன என்பதை இதைவிட நன்றாகச் சொல்லித்தரும் இடத்தை நான் பார்த்ததில்லை.

உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது அமைதிதான். சாலைச் சத்தம் பின்தங்கிவிடுகிறது. காலடியில் ஈரமண், தலைக்கு மேலே மெல்லிய கிளைகள், எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டும் ஓசை. மனிதக் கை படாத இடம் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மை நேர்மாறானது. இந்தக் காட்டை 1252ஆம் ஆண்டிலிருந்தே மனிதர்கள் முறை வைத்து வெட்டி வந்திருக்கிறார்கள். அதற்கு எழுத்து ஆதாரம் இருக்கிறது. எழுநூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோடரியும் கத்தியும் இங்கே ஓயவில்லை. அப்படி வெட்டியதால்தான் காடு பிழைத்தது. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

அப்போது காடு பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துக்குச் சொந்தம். டேனியர்களால் 869இல் கொல்லப்பட்ட எட்மண்ட் அரசரின் சமாதியை வைத்து வளர்ந்த மடம் அது. இங்கிலாந்தின் பணக்கார மடங்களில் ஒன்று. குளிர்காலத்தில் மடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் சமைக்க, குளிர்காய, ரொட்டி சுட விறகு வேண்டும். மரத்தை வேரோடு சாய்த்தால் அடுத்த ஆண்டு விறகுக்கு எங்கே போவது? அதனால் மடத்துக்காரர்கள் காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பாத்தி என்று வெட்டினார்கள். எட்டாம் ஹென்றி காலத்தில், 1539இல், மடம் கலைக்கப்பட்டது. அதன் இடிந்த சுவர்களை ஊர் நடுவே உள்ள பூங்காவில் இன்றும் பார்க்கலாம். மடம் போனது, வெட்டும் முறை மட்டும் கைமாறிக் கைமாறித் தொடர்ந்தது.

அந்த முறைக்குக் காப்பிஸ் என்று பெயர். நம் ஊர்க் கரும்பு விவசாயிக்கு இதை விளக்கவே தேவையில்லை. கரும்பை வெட்டியதும் கட்டையிலிருந்து மறுதாம்பு கிளம்புகிறதல்லவா, அதே கதைதான் இங்கே மரத்துக்கு. ஹேசல், ஆஷ் போன்ற மரங்களைக் குளிர்காலத்தில், இலை உதிர்ந்து சாறு அடங்கியிருக்கும்போது, தரையை ஒட்டி வெட்டுவார்கள். வசந்தம் வந்ததும் அடிக்கட்டையைச் சுற்றிப் பத்து இருபது துளிர்கள் கிளம்பும். முதல் ஆண்டிலேயே ஆள் உயரத்தைத் தொட்டுவிடுபவையும் உண்டு. வேர் பழையது, வலுவானது. அதனால் விதையிலிருந்து வரும் செடியைவிடப் பல மடங்கு வேகம். சில ஆண்டுகளில் பந்தல் கோல், பதினைந்து இருபது ஆண்டுகளில் நல்ல விறகு. நடுநடுவே ஓக் மரங்களை மட்டும் வெட்டாமல் வளர விடுவார்கள். வீட்டு உத்தரத்துக்கும் தூணுக்கும் அவை.

புதிதாக வெட்டிய பாத்தியின் முன் நின்றால் முதலில் மனம் கலங்கத்தான் செய்யும். கட்டைகள் மொட்டை மொட்டையாக நிற்கும், தரை முழுக்கச் சுள்ளி. கொஞ்சம் தள்ளி, ஓராண்டு ஈராண்டுக்கு முன் வெட்டிய பாத்திக்குப் போய்ப் பாருங்கள். மண்ணில் இத்தனை ஆண்டு உறங்கிக்கிடந்த விதைகளும் கிழங்குகளும் வெயில் பட்டதும் எழுந்திருக்கும். பிரிம்ரோஸ், வயலட், காட்டு அனிமோன் என்று தரை நிறைந்து கிடக்கும். அவற்றோடு ஆக்ஸ்லிப் என்ற பூவும். வெளிர்மஞ்சள் நிறம், ஒரே காம்பில் கொத்தாக, எல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்த்து நிற்கும். சஃபோக், எசெக்ஸ், கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டங்கள் சந்திக்கும் களிமண் பூமியின் பழங்காடுகளை விட்டால் பிரிட்டனில் வேறெங்கும் இதைப் பார்ப்பது அரிது. இன்னும் சில ஆண்டில் கோல்கள் வளர்ந்து நிழல் மூடிவிடும், பூக்கள் அடங்கிவிடும். அதற்குள் பக்கத்துப் பாத்தி வெட்டப்பட்டு அங்கே பூத்திருக்கும். வண்ணத்துப்பூச்சிகளும் பாத்தி விட்டுப் பாத்தி அந்த வெயிலைத் தொடர்ந்து போகும்.

இந்தக் காட்டில் நீங்கள் விசாரித்துப் பார்க்க வேண்டிய ஒன்று, பழைய ஆஷ் கட்டை. திரும்பத் திரும்ப வெட்டிய மரம் உயரத்தில் வளராமல் அகலத்தில் வளரும். நடுப்பகுதி மக்கி மறைந்துபோக, விளிம்பு மட்டும் வளையமாக விரிந்துகொண்டே போகும். அப்படி ஐந்தரை மீட்டர் குறுக்களவு வரை விரிந்த ஓர் ஆஷ் கட்டை இங்கே உண்டு. பார்ப்பதற்கு வட்டமாக நிற்கும் தனித்தனி மரங்கள் போலிருக்கும். குனிந்து அடியைப் பார்த்தால்தான் எல்லாம் ஒரே உயிர் என்று தெரியும். பாசி படர்ந்த, முண்டும் முடிச்சுமான அந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். குறைந்தது ஆயிரம் ஆண்டு வயதிருக்கும் என்று கணித்தார் ஆலிவர் ராக்கம். வெட்டாமல் விட்ட ஆஷ் மரம் பொதுவாக இருநூறு ஆண்டில் முடிந்துவிடும்.

ராக்கமைப் பற்றி ஒரு வார்த்தை. கேம்பிரிட்ஜ் தாவரவியல் அறிஞர், 2015இல் காலமானார். பழைய மடத்துக் கணக்குகளையும் மண்மேடுகளையும் மரக்கட்டைகளையும் சேர்த்துப் படித்து, இங்கிலாந்துக் காடுகளின் வரலாற்றை எழுதியவர். காட்டின் எல்லையில் ஒரு வரப்பும் பள்ளமும் ஓடினால், இன்று அதைப் பார்ப்பவர்கள் ஏதோ மண்மேடு என்று தாண்டிப் போவதில்லை. இடைக்காலத்தில் ஆடுமாடு உள்ளே வந்து துளிரை மேயாதிருக்கப் போட்ட கரை என்று அடையாளம் காண்கிறார்கள். அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். பிராட்ஃபீல்டிலும் அந்தக் கரைகள் இருக்கின்றன. தேடிப் பாருங்கள்.

ஹேசல் மரங்களின் கீழே நடக்கும்போது, உதிர்ந்த கொட்டை ஓடுகளைப் பொறுக்கிப் பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் அணில் இரண்டாக உடைத்துப் போட்டவை. சிலவற்றில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கும். ஓட்டையின் உள்விளிம்பில் விரலை ஓட்டினால் கடைந்தெடுத்தது போல வழவழவென்று இருந்து, பல் தடம் வெளிப்பக்கம் மட்டும் சாய்வாகத் தெரிந்தால், அது டார்மவுஸ் தின்ற கொட்டை. பொன்னிற மயிரும் அடர்ந்த வாலும் கொண்ட, கட்டைவிரல் நீளமே உள்ள ஒரு பிராணி. பகலெல்லாம் தூங்கும், இரவில் கிளை விட்டுக் கிளை தாவும், குளிர்காலம் முழுவதும் தரையில் பந்தாகச் சுருண்டு உறங்கும். சட்டப் பாதுகாப்பு உள்ள உயிர், கூட்டைத் தொடக் கூடாது. ஓட்டை போட்ட கொட்டையைப் பார்ப்பதே போதும், அது இந்தக் காட்டில் வாழ்கிறது என்று தெரிந்துகொள்ள. கோல்கள் நெருங்கி நிற்கும் காப்பிஸ் காடு இல்லாவிட்டால் அதற்குத் தாவிச் செல்லக் கிளை இல்லை.

இத்தனையும் ஒரு காலத்தில் கைநழுவிப் போக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தானிய விளைச்சலைப் பெருக்குவதே குறியாக இருந்த காலம். 1960களில் இந்தக் காட்டின் ஒரு பெரும் பகுதியை இயந்திரம் வைத்து வேரோடு பெயர்த்து வயலாக்கினார்கள். வெட்டினால் தழைக்கும், வேரோடு பிடுங்கினால் தழைக்காது. எழுநூறு ஆண்டு நிலைத்தது சில வாரங்களில் போனது. மிச்சத்தைக் காப்பாற்ற ஊர்க்காரர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்து நின்றார்கள். ராக்கமும் அவர்களோடு இருந்தார். 1970 வாக்கில் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் காட்டை விலைக்கு வாங்கியது. இன்று சஃபோக் வனவுயிர் அறக்கட்டளை பராமரிக்கிறது. பழைய முறைப்படி வெட்டுவது தொடர்கிறது. அந்தச் சண்டையைப் போட்டவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

கவலை தீர்ந்துவிடவில்லை. சீனாவிலிருந்து கொண்டுவந்து பூங்காக்களில் வளர்த்து, தப்பிப் பரவிய முன்ட்ஜாக் என்ற குட்டை மான் இளந்துளிரையும் ஆக்ஸ்லிப் பூவையும் மேய்ந்துவிடுகிறது. அதனால் வெட்டிய பாத்திகளுக்கு வேலி போட வேண்டியிருக்கிறது. ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை நோய் 2012இல் கிழக்கு இங்கிலாந்தின் காடுகளில் முதலில் கண்டறியப்பட்டது. அந்த நோயால் நாடு முழுவதும் ஆஷ் மரங்கள் நுனியிலிருந்து கருகிவருகின்றன. இந்தக் காடும் தப்பவில்லை. ஆயிரம் ஆண்டு கோடரியைத் தாங்கிய இனம் இதைத் தாங்குமா என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

காட்டை விட்டு வெளியே வந்தால் நேராகக் காருக்குப் போய்விடாதீர்கள். வயல்களின் ஊடே போகும் நடைபாதைகளில் கொஞ்சம் நடந்து பாருங்கள். கோதுமையும் பார்லியும் சர்க்கரைக் கிழங்கும் விளையும் பூமி. பெரி செயின்ட் எட்மண்ட்ஸில் 1925இல் தொடங்கிய கிழங்குச் சர்க்கரை ஆலை இன்றும் ஓடுகிறது. இந்த நடைபாதைகள் தனியார் நிலத்துக்குள்ளேயே போனாலும் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. விவசாயி உழுதால் 14 நாளுக்குள் பாதையைச் சீராக்கித் தர வேண்டும், வயலுக்குக் குறுக்கே போகும் பாதை குறைந்தது ஒரு மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஊருக்குப் புதிதாக வந்த நீங்களும் நானும் அந்த வயலுக்கு நடுவே யாரிடமும் கேட்காமல் நடக்கலாம். இதை நான் பெரிய செல்வமாக நினைக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் வயலுக்கு மேலே வானம்பாடி எழும்பிப் பாடிக்கொண்டே இருக்கும்.

தெற்கே சற்றுத் தொலைவில் லாவன்ஹம் என்ற ஊர். கம்பளி வணிகத்தில் கொழித்த காலத்தில் கட்டிய மரச்சட்ட வீடுகள், சாய்ந்தும் கோணியும், இன்னும் ஆட்கள் குடியிருக்கும்படியாக நிற்கின்றன. அந்தச் சுவர்களுக்குள் இருப்பது என்ன தெரியுமா? ஓக் சட்டங்களுக்கு இடையில் ஹேசல் கோல்களைத் தட்டியாக முடைந்து, களிமண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசியிருப்பார்கள். காட்டில் பார்த்த அதே கோல், அதே மரம். காட்டைப் பார்த்துவிட்டு இந்தத் தெருவில் நடந்தால் ஒவ்வொரு வீடும் எங்கிருந்து வந்தது என்று கண்ணுக்குத் தெரியும். அதனால் இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள், காட்டை முதலில்.

எப்போது போகலாம் என்று கேட்பீர்கள். பூவுக்கு ஏப்ரல் கடைசி, பறவைக் குரலுக்கு மே, கொட்டைக்குச் செப்டம்பர், அக்டோபர். பனியுகம் விட்டுப்போன களிமண், தண்ணீரை உள்ளே விடாது. கோடையைத் தவிர எப்போதும் சேறுதான். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். முடியுமானால் குளிர்காலத்திலும் ஒரு நாள் போங்கள். கூட்டம் இருக்காது. வெட்டுகிறவர்கள் வேலையில் இருப்பார்கள். எந்தப் பாத்தி, எப்போது கடைசியாக வெட்டியது, இந்தக் கோல் எதற்குப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, வெட்டுவாயை ஏன் சாய்வாக விடுகிறோம் என்பது வரைக்கும் சொல்லித்தருவார்கள்.