பூட்டுக்கும் ஒரு தவணை வேண்டும்

ஒரு தூதர் தம் அரசுக்கு அனுப்பும் அறிக்கையைப் படிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பது, ரொறன்ரோவில் கூடியிருக்கும் தமிழவைக்கு வெறும் சட்ட நுணுக்கமன்று. 2009 மே 10 அன்று கார்டினர் நெடுஞ்சாலையில் குழந்தைகளோடு இறங்கி நின்ற மக்கள், இலங்கைப் போரின் இறுதியில் வன்னியில் நடந்ததை அரசுகள் எவ்வளவு அறிந்திருந்தன என்று இன்றுவரை கேட்டு நிற்கும் கேள்வி அது.

கனடாவின் தகவல் அணுகல் சட்டம் 1983 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கனடாவில் இருக்கும் எவரும் 5 டாலர் கட்டி அரசு ஆவணத்தைக் கேட்கலாம். 30 நாளில் பதில் வரவேண்டும், நீட்டிப்புக்கும் அதில் இடமுண்டு. ஆனால் தூதரக ஆவணத்தின் கதவில் இரண்டு பூட்டுகள் உள்ளன. வெளிவந்தால் அனைத்துலக உறவுக்கோ பாதுகாப்புக்கோ ஊறு நேரும் என நியாயமாக எதிர்பார்க்கத்தக்க தகவலை மறுக்க 15ஆம் பிரிவு அரசுக்கு விருப்புரிமை, அதாவது தருவதா மறுப்பதா என ஆராய்ந்து முடிவெடுக்கும் அதிகாரம், அளிக்கிறது. 13ஆம் பிரிவோ கட்டாயமானது: பிற அரசு நம்பிக்கையின்பேரில் தந்த தகவலை மறுத்தே ஆகவேண்டும், அந்த அரசு இசைந்தாலோ தானே வெளியிட்டாலோதான் விலக்கு. கொழும்பு ஒட்டாவாவிடம் இரகசியமாகச் சொன்ன ஒன்றை ஸ்காபரோவில் வாழும் கனடியக் குடிமகள் அறிய, கொழும்பின் சம்மதம் வேண்டும் என்பதே இதன் பொருள்.

கேட்டவர் கைக்கு வரும் பக்கத்தில் பத்தி முழுதும் மறைந்து, அந்த வெற்றிடத்தில் ‘15(1)’ என்ற எண் மட்டும் நிற்கும். தகவல் ஆணையரிடமும் பின்னர் கூட்டாட்சி நீதிமன்றத்திலும் முறையிடலாம். எனினும் இவ்வகை வழக்கு மூடிய அறையில் நடப்பதோடு, கேட்டவர் இல்லாமலே அரசு தன் வாதத்தைச் சொல்லவும் சட்டம் இடமளிக்கிறது.

பாதி திறந்த கதவு என்ன செய்யும் என்பதற்குப் பிரித்தானியா சான்று. 2009இல் கொழும்பில் பிரித்தானியத் தூதரகப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த லெப்ரினன்ட் கேணல் அன்ரன் காஷ் அனுப்பிய அறிக்கைகளை, பிரித்தானியப் பிரபுக்கள் சபை உறுப்பினரான நேஸ்பி பிரபு 2014இல் கேட்டார். மறுப்புக்கும் முறையீட்டுக்கும் பின், பெரும்பகுதி மறைக்கப்பட்ட சில பத்துப் பக்கங்களே கிடைத்தன. அவற்றையும் பிறவற்றையும் காட்டி, போரின் இறுதிக்கட்டத்தில் இறந்தோர் 7,000 முதல் 8,000 வரையே என அவர் 2017 ஒக்டோபர் 12 அன்று அந்தச் சபையில் வாதிட்டார். ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கையோ 40,000 வரை இறந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டைப் பதிந்திருந்தது. மறைக்கப்பட்ட வரிகள் எதைச் சொல்கின்றன என்று அறியாமல் இறந்தோரின் கணக்கைக் குறைத்துப் பேசுவது, அவர்களுக்கு இழைக்கப்படும் இரண்டாம் அநீதி.

மறைப்புக்கு நியாயமே இல்லை என்று எவரும் சொல்லவில்லை. தூதரகத்திடம் உண்மை சொன்ன ஒரு பாதிரியாரின் பெயர் வெளிப்பட்டால் அவர் உயிருக்கே ஆபத்து நேரலாம். அந்தப் பெயர் காக்கப்படவே வேண்டும். ஆயினும் அமைச்சரவையின் இரகசியத்துக்கே 20 ஆண்டு எல்லை வகுத்த கனடியச் சட்டம், 13, 15ஆம் பிரிவுகளுக்கு எந்த ஆண்டு எல்லையும் வகுக்கவில்லை. பிரித்தானியச் சட்டம் இவ்வகைத் தகவலிலும் பொதுநலனை எடைபோடச் சொல்கிறது. இவ்விரு கனடியப் பிரிவுகளில் அந்தத் தராசும் இல்லை.

காத்திருப்பதிலும் ஆபத்துண்டு. 1978 முதல் 1980 வரையான இலங்கை குறித்த ஏறத்தாழ 200 கோப்புகளைப் பிரித்தானிய வெளியுறவு அலுவலகம் அழித்துவிட்டது 2018இல் தெரியவந்தது. அழிந்த கோப்பை எந்த மேன்முறையீடும் மீட்காது.

ஆகவே இந்த அவையில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்: 13, 15ஆம் பிரிவுகளுக்குக் கால எல்லையும் பொதுநலச் சோதனையும் வேண்டும், 2009ஆம் ஆண்டின் கோப்புகள் ஒன்றும் அழியக்கூடாது என்று.