கட்டடம் ஒன்றைப் பற்றி இரண்டு நிமிடம்



ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஒரு பக்கம் எழுதிவிடும் பிள்ளை, பேசச் சொன்னால் இரண்டு வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது. தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் இதை அடிக்கடி காண்கிறோம். இதற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று, வாய்ப்புக் குறைவு. வீட்டில் தமிழ் பேசுகிறோம்; கடையிலும் கிளினிக்கிலும் மலாய் பேசுகிறோம்; ஆங்கிலமோ புத்தகத்துக்குள்ளேயே இருந்துவிடுகிறது.

ஆனால், பேச்சுச் சோதனையைத் தவிர்க்க முடியாது. எஸ்.பி.எம். ஆங்கிலப் பாடத்தில் அது உண்டு. பல்கலைக்கழகம் செல்வதற்கான மூயெட் தேர்விலும் உண்டு. வெளிநாட்டில் மேற்படிப்புக்கோ தாதியர் வேலைக்கோ போக விரும்புவோர் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்விலும் உண்டு. நல்ல மதிப்பெண் வாங்கக்கூடிய பிள்ளை, வாய் திறக்காத காரணத்தால் வாய்ப்பை இழப்பது நமக்குப் பெரிய நட்டம். ஆகவே இன்று ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம். அது கட்டடம். “உனக்குப் பிடித்த ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்” என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வது?

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் இரண்டாம் பகுதியில் மாணவரிடம் ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். அதில் தலைப்பும், சொல்ல வேண்டிய சில குறிப்புகளும் இருக்கும். யோசிக்க 1 நிமிடம்; குறிப்பெழுதத் தாளும் பென்சிலும் தருவார்கள். பிறகு 1 முதல் 2 நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும்.

இந்தத் தலைப்பு வந்ததும் நம் பிள்ளைகளில் பலர் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்துக்கு ஓடிவிடுகிறார்கள். 88 மாடி, 452 மீட்டர் உயரம் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறார்கள். அரை நிமிடத்தில் சரக்குத் தீர்ந்துவிடுகிறது. நேரில் பார்த்தும் பழகியும் அறியாத கட்டடத்தைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்?

ஒன்றை நன்றாக மனத்தில் வையுங்கள். கட்டடத்தின் புகழுக்கு மதிப்பெண் இல்லை. தேர்வாளர் பார்ப்பவை நான்கு: தடங்கலின்றித் தொடர்பாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. இந்த நான்கையும் காட்ட, நீங்கள் அறிந்த கட்டடமே சிறந்தது. தோட்டத்துக் கோயில், பள்ளிக்கூடம், ஆபீஸ், பால் கொட்டகை, நீங்கள் பிறந்து வளர்ந்த லயம் ஆகிய எல்லாமே கட்டடங்கள்தாம். இவற்றைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

சொல்ல வேண்டியதை ஐந்து விரல்களில் வைத்துக்கொள்ளலாம். பெருவிரல்: என்ன கட்டடம், எங்கே இருக்கிறது? சுட்டுவிரல்: பார்க்க எப்படி இருக்கும், எதனால் கட்டியது? நடுவிரல்: அங்கே என்ன வேலை நடந்தது? மோதிரவிரல்: அன்றைக்கும் இன்றைக்கும் என்ன மாற்றம்? சுண்டுவிரல்: அது ஏன் உனக்கு முக்கியம்? ஒரு விரலுக்கு மூன்று வாக்கியம் என்றால் பதினைந்து வாக்கியம் ஆயிற்று. இரண்டு நிமிடத்துக்கு அது போதும்.

ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்திய பழைய புகைக் கொட்டகையை எடுத்துக்கொள்வோம். மெதுவாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

“ஐ வுட் லைக் டு டாக் அபௌட் தி ஓல்ட் ஸ்மோக்ஹவுஸ் இன் அவர் எஸ்டேட். இட் ஸ்டேண்ட்ஸ் பிஹைண்ட் தி டெம்பிள். இட் இஸ் எ டால் பில்டிங் வித் பிரிக் வால்ஸ் அண்ட் எ ஸிங்க் ரூஃப். ரப்பர் ஷீட்ஸ் வேர் ஹங் இன்சைட், அண்ட் எ வுட் ஃபயர் வாஸ் கெப்ட் பர்னிங் ஃபார் செவ்ரல் டேஸ். மை கிராண்ட்மதர் யூஸ்ட் டு வெர்க் தேர். நோபடி யூசஸ் இட் நவ், பட் வென் ஐ பாஸ் இட், ஐ திங்க் ஆஃப் ஹர்.”

கோயிலுக்குப் பின்னால் செங்கல் சுவரும் தகரக் கூரையும் உள்ள உயரமான கட்டடம். உள்ளே ஷீட்டுகள் தொங்கும். பல நாள் விறகு எரியும். பாட்டி அங்கே வேலை செய்தார். இன்று யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. அதைக் கடக்கும்போது பாட்டி நினைவு வருகிறது. அவ்வளவுதான். கடினமான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் ஐந்து விரலும் வந்துவிட்டன. இதை மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடப் பேச்சைத் தேர்வாளர் எளிதில் கண்டுகொள்வார். உங்கள் கட்டடத்தை வைத்து நீங்களே சொல்லுங்கள்.

இனி, அடிக்கடி வரும் பிழைகள். “இன்சைட் காட் மெனி ரூம்” என்று சொல்கிறோம். “தேர் ஆர் மெனி ரூம்ஸ் இன்சைட்” என்பதே சரி. மலாயில் ‘அடா’ என்ற ஒரே சொல் ‘இருக்கிறது’ என்பதற்கும் ‘வைத்திருக்கிறது’ என்பதற்கும் வருவதால் இந்தக் குழப்பம். “லாஸ்ட் டைம் மை கிராண்ட்மதர் வெர்க் தேர்” என்பது தவறு. “யூஸ்ட் டு வெர்க்” என்று சொல்ல வேண்டும். “தி டெம்பிள் பில்ட் இன்” என்று தொடங்காமல், “தி டெம்பிள் வாஸ் பில்ட் இன்” என்று ‘வாஸ்’ சேர்க்க வேண்டும்.

உச்சரிப்பிலும் கவனம் தேவை. ‘ரூஃப்’, ‘ஃப்ளோர்’ என்பவற்றை ‘ரூப்பு’, ‘புளோர்’ என்று சொல்லக் கூடாது. மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். கோட்டை மாளிகையைக் குறிக்கும் ‘காஸல்’ என்ற சொல்லில் நடுவே எழுதும் ‘டி’ ஒலிக்காது.

லயம், கோபுரம் போன்றவற்றுக்குச் சொல் தெரியாவிட்டால் நின்றுவிடாதீர்கள். விளக்கிச் சொல்லுங்கள். லயத்தை “எ லாங் ரோ ஆஃப் வெர்க்கர்ஸ் ஹவுஸஸ்” என்றும், கோபுரத்தை “எ டவர் ஓவர் தி கேட்வே, கவர்ட் வித் ஸ்டேச்சூஸ்” என்றும் சொல்லலாம். சொல் தெரியாத இடத்தில் வேறு சொற்களால் விளக்குவதும் ஒரு திறமை. அதற்கும் மதிப்பு உண்டு.

அடுத்து, “பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டுமா?” என்பது போன்ற கேள்வி வரலாம். “யெஸ்” என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. கருத்து, காரணம், எடுத்துக்காட்டு என்று மூன்று படி ஏற வேண்டும். எடுத்துக்காட்டுக்குப் பேராக் மாநிலத்தில் பத்து காஜாவுக்கு அருகே உள்ள கெல்லிஸ் காஸலைச் சொல்லலாம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ரப்பர் தோட்ட முதலாளி, 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. அங்கே உழைத்தவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் இருந்தார்கள். பலர் தொற்றுக் காய்ச்சலில் மாண்டார்கள். தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதால் அவர் அருகிலேயே மாரியம்மன் கோயில் ஒன்றைக் கட்டிக்கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. அக்கோயில் கூரையில் உள்ள சிலைகளுக்கிடையே அவர் உருவமும் இருக்கிறது. 1926இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்தார். மாளிகை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. இன்று சுற்றுப்பயணிகள் அதைப் பார்க்க வருகிறார்கள். “வீ ஷுட் கீப் இட், பிகாஸ் அவர் பீப்பிள் வெர்க்ட் தேர்” என்று ஒரு பிள்ளை சொன்னால், அதில் கருத்தும் உண்டு, காரணமும் உண்டு.

பெற்றோர்களே, “எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று கேட்பீர்கள். உங்களால் மூன்று காரியம் முடியும். முதலாவது, இரவு உணவுக்குப் பின் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் பிள்ளையைப் பேசவிட்டுக் கேளுங்கள். நடுவில் குறுக்கிடாதீர்கள், சிரிக்காதீர்கள். இரண்டாவது, கைத்தொலைபேசியில் அதைப் பதிவு செய்து கொடுங்கள். தன் பிழையைப் பிள்ளையே கண்டுகொள்ளும். மூன்றாவதுதான் மிக முக்கியம்: பேச விஷயம் கொடுங்கள். “பாட்டி, பெரட்டு எத்தனை மணிக்கு? ஆயாக் கொட்டகையிலே எங்க அப்பாவை யார் பார்த்துக்கிட்டாங்க?” என்று பேரப்பிள்ளை கேட்டால், அலுத்துக்கொள்ளாமல் தமிழில் சொல்லுங்கள். அதை ஆங்கிலத்தில் சொல்வது பிள்ளையின் வேலை.

பல தோட்டங்களில் லயங்களை இடித்துவிட்டார்கள். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. அந்தக் கட்டடங்களில் வாழ்ந்தவர்கள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? தேர்வு அறையில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைக்கு அதைச் சொல்ல இரண்டு நிமிடம் கிடைக்கிறது.

மாணவச் செல்வங்களே, இன்றிரவே ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து விரலை நீட்டுங்கள். பேசத் தொடங்குங்கள்.