கடல் கடந்த பள்ளிக்கூடங்கள்



பிழைப்பை நாடிச் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். நம் பெரியோர் அன்றைய பம்பாயிலும் கல்கத்தாவிலும் வந்திறங்கிய காலத்தில், ஊரார் ஒருவர் எழுதிய கடிதமே அவர்களுக்கு நியமன உத்தரவாக இருந்தது. சம்பளம் கொடுப்பவர் ஒருவர், இருக்க இடம் கொடுப்பவர் வேறொருவர் என்றிருந்தவரை மனிதன் தலை நிமிர்ந்து நடந்தான். இரண்டும் ஒரே கையிலிருந்து வரத் தொடங்கியதும் அவன் குரல் தாழ்ந்து போயிற்று. இப்பொழுது நம் பிள்ளைகள் நம்மைவிடத் தொலைவாகப் புறப்படுகிறார்கள். அவர்களிற் சிலர் நாடிச் செல்லும் ஓர் உத்தியோகத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

சில காலத்துக்கு முன் மாதுங்காவில் நம் அண்டை வீட்டுக்காரர் சில காகிதங்களுடன் வந்தார். அவருடைய மகள் ஆங்கிலத்தில் பட்டம் பெற்றவள். ஜப்பானில் ஒரு தனியார் மொழிப் பள்ளியில் அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. “அண்ணா, படித்துப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஏஜெண்டுக்குக் கொடுக்க நகையை அடகு வைக்கப் போகிறேன்” என்றார். அன்றிரவு அந்த ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தோம். படிக்கப் படிக்கப் பழைய செய்தியொன்று நம் நினைவில் எழுந்தது.

ஜப்பானில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி பெரியதொரு வியாபாரம். அத்துறையில் ஒரு காலத்தில் முதலிடம் வகித்தது 1981-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நோவா என்னும் நிறுவனம். வெளிநாட்டுக்குப் போகாமலே ரயில் நிலைய வாசலில் வெளிநாட்டுக் கல்வி கிடைக்கும் என்பது அதன் விளம்பரம். நாடெங்கும் சுமார் 900 கிளைகள். மாணவர்கள் நூற்றுக்கணக்கான பாடங்களுக்கு முன்கூட்டியே பணம் கட்டினர். நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனிகளின் கதையை அறிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. முன்பணம் வரும் வரையில் கட்டடம் நிற்கும். திரும்பக் கேட்பவர் வரிசையில் நின்றால் ஆட்டம் காணும்.

2007 ஏப்ரலில், இடையில் விலகும் மாணவருக்குப் பணத்தைத் திருப்பித் தருவதில் அந்நிறுவனம் கையாண்ட கணக்கு சட்டவிரோதமென்று ஜப்பானின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூன் மாதத்தில் அரசாங்கம் அதன் நீண்டகால ஒப்பந்தங்களுக்கு ஆறு மாதத் தடை விதித்தது. வரவு குன்றியது, சம்பளம் தாமதமாயிற்று, பிறகு நின்றே போயிற்று. அக்டோபர் 26-ஆம் தேதி நிறுவனம் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. ஏறத்தாழ 4,000 அயல்நாட்டு ஆசிரியர்கள் ஊதியமின்றி நின்றார்கள்.

அவர்களிற் பலர் குடியிருந்தது பள்ளி ஏற்பாடு செய்து கொடுத்த வீடுகளில். மாதந்தோறும் வாடகை சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. ஆனால் பிடித்த பணம் பல வீட்டுக்காரர்களுக்குப் போய்ச் சேரவில்லை. வாடகை கொடுத்துவிட்டதாக நம்பியிருந்தவர்களின் கதவில் வெளியேற்ற அறிவிப்பு வந்து ஒட்டியது. பாடம் சொல்லிக் கொடுத்தால் உணவு கிடைக்கும் என்னும் ஏற்பாட்டை ஆசிரியர் சங்கமே செய்ய நேர்ந்தது. ஊழியர் சேமநிதிப் பணத்தை வேறு காரியத்துக்குத் திருப்பிய குற்றத்திற்காக, முன்னாள் தலைவருக்கு 2009-இல் ஒஸாகா நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. பிற்காலத்தில் அந்தப் பெயரில் நடைபெற்ற பள்ளிகள் வேறு நிர்வாகத்தைச் சேர்ந்தவை என்பதையும் நியாயத்தின் பொருட்டுச் சொல்லிவிடுகிறோம்.

வீழ்ந்த நிறுவனம் ஒன்றே. வழக்கங்களோ பலருக்கும் பொதுவானவை. வாரத்திற்கு இருபத்தொன்பதரை மணி நேரம் என்று ஒப்பந்தம் எழுதுவது ஜப்பானியப் பள்ளிகளிடையே நெடுங்காலம் பரவியிருந்த வழக்கம். முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் நான்கில் மூன்று பங்கை எட்டினால் சமூகக் காப்புறுதியில் சேர்க்க வேண்டும் என்பது அக்காலத்து அளவுகோல். அரை மணி குறைத்து எழுதினால் அந்தச் செலவு மிச்சம். பாடம் நடத்தும் நிமிடங்களை மட்டும் வேலையாகக் கணக்கிட்டு, இடைவேளையையும் ஆயத்த நேரத்தையும் கணக்கில் சேர்க்காமல் விடுவது மற்றொரு வழி. ஆசிரியரை ஊழியர் என்று சொல்லாமல் சுயேச்சை ஒப்பந்தக்காரர் என்று எழுதிக்கொள்வது இன்னொரு வழி. தென்கொரியாவில், ஓராண்டு நிறைந்தால் ஒரு மாதச் சம்பளத்தை விலகற்பணமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பதினோராம் மாதத்தில் காரணம் காட்டி நீக்கப்பட்டோம் என்ற முறையீடு அங்குள்ள ஆசிரியர்களிடையே பலமுறை எழுந்ததற்கு இதுவே காரணம்.

நாம் படித்த ஒப்பந்தத்திற்கு மீண்டும் வருவோம். ஆண்டு முடியுமுன் விலகினால் இரண்டு மாதச் சம்பளம் அபராதம். வீடு பள்ளியினுடையது, வாடகை சம்பளத்தில் கழியும். பாஸ்போர்ட் பத்திரத்தின் பொருட்டு அலுவலகத்தில் இருக்கும். இத்தனைக்கும் மேலாக ஏஜெண்டு வாய்மொழியாகச் சொன்னது ஒன்று: “சுற்றுலா விசாவில் போகட்டும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்.”

ஜப்பானியத் தொழிலாளர் தரநிலைச் சட்டம் 1947-இல் பிறந்தது. அதன் 16-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு அபராதம் என்று முன்கூட்டியே தொகை குறிப்பதைத் தடை செய்கிறது. 3-ஆம் பிரிவு, தேசிய இனத்தைக் காரணமாக்கி ஊதியத்தில் வேற்றுமை பாராட்டலாகாது என்கிறது. ஆறு மாதம் ஒழுங்காக வேலை செய்தவருக்குச் சம்பளத்துடன் பத்து நாள் விடுப்பு உண்டு. நிறுவனம் நொடித்துப் போனால், வராத சம்பளத்தில் எண்பது விழுக்காட்டை ஓர் உச்ச வரம்புக்குட்பட்டு அரசே கொடுக்கும் திட்டமும் இருக்கிறது. இவை அயல்நாட்டாருக்கும் பொருந்தும். சட்டம் நல்லதுதான். ஆனால் அதை அறியாதவருக்கு அது பூட்டிய பெட்டியில் உள்ள பொன்னைப் போன்றது.

விசாவின் விஷயமும் அப்படியே. முறையான பள்ளி, ஆள் புறப்படுமுன்பே அந்நாட்டுக் குடிவரவு அலுவலகத்தில் தகுதிச் சான்று பெற்று அனுப்பும். அதைக் காட்டியே இங்கு வேலை விசா வாங்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்பவர் அன்றே சட்டத்தை மீறியவராகிறார். பிறகு அவர் எந்த அநியாயத்தை யாரிடம் முறையிடுவார்?

அந்தப் பெண் நாம் சொன்னபடி பள்ளிக்கு ஐந்து கேள்விகள் எழுதினாள். அபராதம் எந்தச் சட்டப்படி? பாடமில்லாத நேரம் வேலையில் சேருமா? காப்புறுதி உண்டா? வீட்டு ஒப்பந்தம் யார் பெயரில்? தகுதிச் சான்று எப்பொழுது வரும்? முதலிரண்டுக்கு மழுப்பலாகப் பதில் வந்தது. மற்ற மூன்றுக்கும் பதிலே இல்லை. அவள் போகவில்லை. தகப்பனார் ஒரு மாதம் நம்மோடு பேசவில்லை. “பெரியவர்கள் சேர்ந்து குழந்தைக்கு வந்த யோகத்தைக் கெடுத்துவிட்டீர்கள்” என்றார். அவர் சொன்னது நம் மனத்தை வருத்தவே செய்தது. போயிருந்தால் நன்றாகவே இருந்திருக்குமோ என்னவோ. அதை யார் சொல்ல முடியும்? கேள்விக்குப் பதில் சொல்லாத இடத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு போகக்கூடாது என்பது மட்டும் நமக்குத் தெரியும். நகை பெட்டியிலேயே இருக்கிறது. அவள் வேறு பள்ளிகளுக்கு விண்ணப்பித்து வருகிறாள், அதே ஐந்து கேள்விகளுடன்.

அயல்நாடு போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. நேர்மையான பள்ளிகள் பல இருக்கின்றன. அங்கே மதிப்போடு வாழும் ஆசிரியர்களும் பலர். ஆனால் இந்தியாவில் அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவராக இருத்தல் வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். ஒப்பந்தத்தின் பிரதியொன்றை வீட்டில் வைத்துப் போங்கள். பாஸ்போர்ட்டை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். முடிந்தால் வீட்டை வேலையிலிருந்து பிரித்து வையுங்கள். முடியாவிட்டால், இரண்டு மாத வாடகைக்கும் திரும்பி வரும் பயணச் சீட்டுக்கும் போதிய பணம் கையில் இருக்கட்டும்.

ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அந்நாளில் இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆளில்லை. நம் பிள்ளைகளுக்கு நாம் இருக்கிறோம். அவர்கள் காகிதங்களைக் கொண்டு வரும்போது, வாழ்த்துச் சொல்லுமுன் ஒரு முறை படித்துப் பார்ப்போம்.