குப்பையை ஏற்றுமதி செய்ய முடியாது

(தாம்பரத்தில் தோழர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, நான் கவிதை எழுதுகிறவன். பிழைப்புக்கு வங்கியில் குமாஸ்தா. எங்களுக்கு இருதரப்பு ஒப்பந்தத்தில் சம்பளம் ஏறுகிறது. 'இதனால் ஆளைக் குறைக்கணும், பொருளாதாரம் தாங்காது'ன்னு பொதுஜனம் யாரும் பதறியதில்லை. தெருக் கூட்டுகிற அக்காவுக்கு நூறு ரூபாய் ஏறினால் மட்டும் அந்தக் கவலை வந்துவிடுகிறது.

குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946 ஏப்ரலில் மத்திய சட்டசபையில் கொண்டுவந்தவர், அன்று தொழிலாளர் துறைப் பொறுப்பிலிருந்த அம்பேத்கர். 1948இல் அது சட்டமானபோது தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன்ராம். மே தின மேடைகளில் இதை எத்தனை பேர் சொல்றாங்க? 2025 நவம்பரில் ஊதியச் சட்டத் தொகுப்பு அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்துவிட்டது.

கூலி ஏறினால் வேலை போகுமா? தொழிலைப் பொறுத்தது. சானடோரியம் மெப்ஸில் தைக்கிற சட்டை கப்பலேறுகிறது. 'கூலியை ஏத்தினா ஆர்டர் பங்களாதேஷ் போயிடும்' என்கிறான் முதலாளி. கொஞ்சம் உண்மைதான். விலை வைப்பவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். ஆனால் முதலாளிக்கு அதைவிடச் சுலபமான வழி உண்டு: லைனில் ஹெல்பரைக் குறைப்பது, டார்கெட்டை ஏற்றுவது. தையல் தொழிலுக்கு 2014இல் தமிழக அரசு கூலியை உயர்த்தியது. முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். உயர்வு செல்லும் என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல 2016 ஆயிற்று.

1992இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் மணிக்கூலி 4.25 டாலரிலிருந்து 5.05 ஆனது. டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் அங்கேயும் பக்கத்து பென்சில்வேனியாவிலும் 410 துரித உணவுக் கடைகளை ஒப்பிட்டார்கள். வேலை குறையவில்லை. பர்கரை அங்கேயே சுட்டுத்தான் கொடுக்கணும், இல்லையா? குப்பையும் அப்படித்தான். தாம்பரத்துக் குப்பையை டாக்காவில் அள்ள முடியாது.

அப்போ துப்புரவுத் தொழிலாளிக்கு பயம் இல்லையா? இருக்கு. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தார்களே, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத்துப் பெண்கள்! அதே தெரு, அதே துடைப்பம். ஒப்பந்தக்காரன் கைக்குப் போனால் 23,000 அளவில் வந்த கூலி 16,000 சொச்சமாகிவிடும் என்றார்கள். பதின்மூன்றாம் நாள் ராத்திரி போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. இந்த வேலைக்கு வேறு சாதி போட்டிக்கு வராது என்ற தைரியத்தில்தான் இங்கே டெண்டர் விலை குறைகிறது. எந்தப் பொருளாதாரப் பாடத்திலும் நான் இதைப் படிக்கவில்லை.

போன மாசம் கவுன்டரில் ஒரு அக்கா பாஸ்புக்கை நீட்டினார்.

"சார், பணம் புதுசா ஏதோ கம்பெனி பேர்ல வந்திருக்கு. நான் யார்கிட்ட வேலை செய்யறேன்?"

"மேஸ்திரியைக் கேட்டீங்களாக்கா?"

"அவருக்கும் தெரியலையாம் சார்."