செருகிய பிறகும் மூட வேண்டும்



ஐப்பசி பிறந்ததும் மழைக்கு வீட்டைத் தயார் செய்கிறோம். மொட்டைமாடியில் தண்ணீர் இறங்கும் குழாயின் அடைப்பை எடுக்கிறோம், சன்ஷேடில் கிடக்கும் சருகைக் கூட்டித் தள்ளுகிறோம், ஒழுகும் இடத்தில் சிமெண்ட் பூசுகிறோம். வெளிச்சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்பெல்லாம் வீட்டுக்கு வெளியே வாசல் விளக்கு ஒன்று இருந்தாலே பெரிது. இப்போது போர்ட்டிகோவில் ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட ஒரு பாயின்ட், மாடியில் வாஷிங் மெஷினுக்கு ஒன்று, கொல்லைப்புறத்தில் மோட்டாருக்கு ஒன்று என்று மின்சாரம் வெளியே வந்துவிட்டது. தீபாவளி, திருக்கார்த்திகை, கிறிஸ்துமஸ் என்று சீரியல் விளக்கும் நட்சத்திரமும் தொங்கவிடும் நாட்களோ வடகிழக்குப் பருவமழையின் நடுவில்தான் வருகின்றன. வெளியில் மின்சாரத்தை அதிகம் பயன்படுத்தும் மாதங்களில்தான் அந்தச் சுவர் அதிகம் நனைகிறது. அந்த பிளக் பாயின்ட்டுக்கு எப்படிப்பட்ட மூடி வாங்குவது, அதை எப்படிப் பொருத்துவது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

எலக்ட்ரிக்கல் கடையில் மழைக்கு ஒரு மூடி வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் எடுத்துக் காட்டுவது ஸ்பிரிங் வைத்த தட்டை மூடியைத்தான். பிளக்கைப் பிடுங்கியதும் டப்பென்று மூடிக்கொள்ளும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பிளக்கைச் செருகினால் அந்த மூடி திறந்தபடியே நிற்கும். ஸ்கூட்டர் இரவு முழுக்க சார்ஜில் நிற்கிறது. சீரியல் விளக்கு சாயங்காலம் தொடங்கி விடியும்வரை எரிகிறது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் அத்தனை நேரமும் சாக்கெட் திறந்து கிடக்கிறது. எந்த வேலையும் இல்லாதபோது பத்திரமாக மூடியிருக்கிறது. எப்போதாவது ஒரு நாள் டிரில்லிங் மெஷின் செருகும் பாயின்ட்டுக்கு, அதுவும் நல்ல கூரைக்கு அடியில் இருந்தால், இந்தத் தட்டை மூடி போதும். மற்ற இடங்களுக்கு இதை வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

வாங்க வேண்டியது ஆழமான மூடி. டிஃபன் டப்பாவைக் கவிழ்த்தாற்போல் முன்னால் புடைத்திருக்கும். பிளக்கும் வயரின் முதல் வளைவும் உள்ளேயே அடங்கிவிடும். வயர் வெளியே வர அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு பிளவு இருக்கும். கடைக்குப் போகும்போது நீங்கள் அங்கே செருகப்போகும் பிளக்கையே கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். நம் ஊர் 16 ஆம்பியர் மூன்று பின் பிளக் கனமானது. அதன் பின்னால் வரும் வயரும் தடிமனானது, சட்டென்று மடங்காது. மூடிக்குள் வைத்து, வயரை அடியில் விட்டு, கொக்கி மாட்டும்வரை மூடிப் பாருங்கள். மூடவில்லை என்றால் அடுத்த அளவைக் கேளுங்கள். சுவரில் நேராகச் செருகும் கட்டை அடாப்டர்கள் பல மூடிகளில் அடங்காது. அதற்கு இன்னும் ஆழமான பெட்டிதான் வேண்டும்.

அட்டைப்பெட்டியில் வாட்டர் புரூஃப் என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். ஐ.பி. என்ற எழுத்துகளுக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உலகம் முழுவதும் ஒரே அளவுகோல் அது. நம் இந்தியத் தர நிர்ணயமும் அதையே ஏற்றிருக்கிறது. முதல் இலக்கம் தூசிக்கும் பூச்சிக்கும், இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 44 என்றால் ஒரு மில்லிமீட்டர் கம்பிகூட உள்ளே நுழையாது, எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். ஐ.பி. 55 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும். நிமிடத்துக்கு பன்னிரண்டரை லிட்டர் வீதம் பீய்ச்சித்தான் அதைச் சோதிக்கிறார்கள். போர்ட்டிகோவின் உட்சுவருக்கு 44 போதும். மொட்டைமாடி, திறந்த மதில், கார் கழுவும் இடம் ஆகியவற்றுக்கு 55க்குக் குறையாமல் வாங்குங்கள். இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும்: அந்த எண் பிளக் செருகியிருக்கும்போதும் பொருந்துமா, மூடி காலியாக மூடியிருக்கும்போது மட்டும்தானா? தரமான பொருளின் கையேட்டில் இது எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் காலியாக இருக்கும்போது மட்டும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு மழை மட்டும் பகை இல்லை. சித்திரை வெயிலும் பகைதான். சாதாரண பிளாஸ்டிக் மூடி இரண்டு மூன்று கோடையில் மஞ்சளித்து, பொரிந்து, கொக்கி உடைந்து விழும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பாலிகார்பனேட் என்று கேட்டு வாங்குங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் திருகுகளையும் பாருங்கள். உப்புக் காற்றில் இரும்புத் திருகு துருப்பிடித்து, பிறகு கழற்றவே முடியாமல் இறுகிவிடும். எவர்சில்வர் திருகாக இருக்கட்டும். கீல் மேல்பக்கம் இருப்பது நல்லது. கொக்கி மாட்ட மறந்தாலும் மூடி தன் எடையிலேயே விழுந்து மூடிக்கொள்ளும்.

பூச்சிகளைச் சொல்லாமல் விட முடியாது. திறந்து கிடக்கும் சாக்கெட்டின் துளைக்குள் குளவி மண் கூடு கட்டும். எறும்பு புற்று வைக்கும். சுவிட்ச் பெட்டியின் கதகதப்புக்குப் பல்லி வரும். இரண்டு முனைகளை ஒருசேரத் தொட்டால் அதுவும் கருகும், சாக்கெட்டும் கருகும். மண் கூடு நனைந்தால் ஈரம் அங்கேயே தங்கும். மூடி நன்றாகப் பொருந்தினால் மழையோடு இந்தத் தொல்லையும் சேர்ந்து போகும்.

இனிப் பொருத்தும் வேலை. முதலில் மெயினை அணைக்க வேண்டும். அந்த பாயின்ட்டின் சுவிட்ச்சை மட்டும் அணைப்பது போதாது, ஏனென்றால் பழைய வீடுகளில் சுவிட்ச் ஃபேஸ் வயரில் இல்லாமல் நியூட்ரலில் மாட்டியிருப்பதும் உண்டு. அப்போது சுவிட்ச் அணைந்திருந்தாலும் சாக்கெட்டில் மின்சாரம் நிற்கும். மெயினை அணைக்கும் முன்பே டெஸ்டரை மின்சாரம் இருக்கும் ஓர் இடத்தில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; அணைத்த பிறகு இங்கே வைத்துப் பாருங்கள். கெட்டுப்போன டெஸ்டர் எல்லா இடத்திலும் மின்சாரம் இல்லை என்றுதான் காட்டும். வயரைத் தொடாமல் மூடியை மட்டும் மாட்டுவது கைப்பழக்கம் உள்ளவர் செய்யக்கூடிய வேலை. சாக்கெட்டை மாற்றுவது, புதிய பாயின்ட் இழுப்பது எல்லாம் உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை.

மூடியின் அளவு சுவிட்ச் பிளேட்டின் அளவோடு பொருந்த வேண்டும். மாடுலர் பிளேட்டில் 16 ஆம்பியர் சாக்கெட் இரண்டு மாடுல் இடத்தையும், அதன் சுவிட்ச் ஒரு மாடுல் இடத்தையும் எடுக்கும். அதற்கு மூன்று மாடுல் மூடி வேண்டும். சன்மைக்கா ஒட்டிய பழைய மரப்பெட்டியாக இருந்தால் அதற்கென்று மூடி தேடி அலைய வேண்டாம். மரம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டும் சுவிட்ச்சும் உள்ளேயே அமைந்த முழுப் பெட்டியை மாட்டச் சொல்லுங்கள்.

மூடிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறதே, அது சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் வேலை செய்யும். நம் வெளிச்சுவரின் பூச்சு சொரசொரப்பானது. சுவரில் வழியும் தண்ணீர் அந்தச் சொரசொரப்பின் இடுக்கு வழியே மூடிக்குப் பின்னால் இறங்கிவிடும். மூடி உட்காரும் இடத்தைத் தேய்த்து, பட்டி பார்த்துச் சமமாக்குங்கள். காய்ந்த பிறகு மூடியை வைத்து முடுக்குங்கள். பிறகு விளிம்பில் மேல்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் சிலிக்கான் பசை இழுங்கள். கீழ்ப்பக்கத்தில் மட்டும் இழுக்காதீர்கள். நான்கு பக்கமும் இழுத்தால்தான் கெட்டி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எவ்வளவு அடைத்தாலும் கொஞ்சம் ஈரம் உள்ளே போகத்தான் செய்யும். பகலில் சூடாகி இரவில் குளிரும் பெட்டிக்குள் காற்றின் ஈரமே துளியாகப் படியும். அது வெளியேற அடியில் ஒரு வழி வேண்டும். பெட்டியின் அடியில் வடிகால் துளைக்கென்று குறி போட்டிருந்தால் அந்த ஒன்றை மட்டும் திறந்து விடுங்கள்.

வயரில் வழிந்து வரும் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். மேலிருந்து நேராக இறங்கி மூடிக்குள் போகும் வயர், மழைநீரைக் கைப்பிடித்து அழைத்து வந்து சாக்கெட்டில் விட்டுவிடும். வயரை மூடிக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றிச் செருகுங்கள். தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். காசு செலவில்லாத வேலை இது. ஆனாலும் பத்து வீட்டில் ஒரு வீட்டில் இப்படித் தொங்கவிட்டிருந்தால் அதிசயம்தான்.

எத்தனை நல்ல மூடி போட்டாலும் தடுக்க முடியாத தண்ணீர் ஒன்று உண்டு. நம் கான்கிரீட் வீடுகளில் வயர் போகும் பைப்பைத் தளம் போடும்போதே கம்பிகளோடு சேர்த்துப் புதைத்துவிடுகிறார்கள். அங்கிருந்து அது சுவருக்குள் இறங்கிப் பெட்டிக்கு வருகிறது. தளத்தில் நீர்க்கசிவு இருந்தால், தண்ணீர் அந்த பைப்புக்குள்ளேயே இறங்கி, பெட்டியின் முதுகுப்பக்கமாக வந்து சேரும். முன்னால் மூடி பளபளவென்று இருக்கும். உள்ளே சாக்கெட் நனைந்துகொண்டிருக்கும். பெட்டியைச் சுற்றிச் சுவரில் உப்புப் பூத்திருக்கிறதா, பெட்டிக்குள் துரு தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் மாடிக் கசிவை அடைத்துவிட்டு அப்புறம் மூடிக்கு வாருங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் வெளி பாயின்ட்டுக்கு பைப்பைக் கீழிருந்து மேலே ஏறும்படி கொண்டுவரச் சொல்லுங்கள். இடத்தையும் யோசித்துக் குறியுங்கள். வடகிழக்குப் பருவமழையில் சாரல் வடக்குச் சுவரிலும் கிழக்குச் சுவரிலும்தான் அதிகம் அடிக்கும். தரையில் விழுந்து தெறிக்கும் தண்ணீர் எட்டாத உயரத்தில், சன்ஷேடின் நிழலில் பாயின்ட் இருக்கட்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் வெள்ளம் புகுந்த தெருக்களில் இருப்பவர்களுக்கு உயரத்தைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. மழைக்கான மூடி, வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கச் செய்ததல்ல.

கோயில் திருவிழா, கல்யாணப் பந்தல் என்று திறந்த வெளியில் விளக்குப் போடுகிறவர்களுக்கு வேறொரு பொருள் இருக்கிறது. தொழிற்சாலைகளில் பார்த்திருப்பீர்கள்: நீல நிறத்தில் உருண்டையான மூன்று பின் பிளக். அதன் சாக்கெட் மூடியே பிளக்கைக் கவ்விப் பிடிக்கும். செருகியிருக்கும்போதும் மழைச் சாரல் தாங்கும்படியே அதைச் செய்திருக்கிறார்கள். பந்தல்காரர்கள் இதைக் கொண்டுவர வேண்டும் என்று மனமாரக் கேட்கிறேன். இரண்டு வயரை முறுக்கி, டேப் சுற்றி, பாலித்தீன் பை கட்டி, ஈர மண்ணில் போடும் பழக்கம் நம் திருவிழாக்களில் இன்னும் இருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றிக் குழந்தைகள் ஓடுகிறார்கள். பாலித்தீன் பை தண்ணீரைத் தடுப்பதைவிட உள்ளே புகுந்த தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைப்பதுதான் அதிகம். மாடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் வைத்துப் பை சுற்றும் வீடுகளுக்கும் இதையே சொல்கிறேன்.

மூடியோடு சேர்த்து இன்னொரு செலவும் செய்யுங்கள். மெயின் பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. நம் உயிரைக் காக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது காப்பது வயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ 16,000 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். நனைந்த கையோடு நிற்கும் ஒரு மனிதரின் இதயத் துடிப்பைக் குலைக்கச் சில பத்து மில்லி ஆம்பியரே போதும். அந்தச் சிறிய கசிவைக் கண்டுபிடிப்பது ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். வெளி பாயின்ட்டுகள் எல்லாம் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் வர வேண்டும். அதில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கினால் டப்பென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் உடனே மாற்றுங்கள். மழைநாளில் அது அடிக்கடி விழுகிறது என்று எரிச்சல்பட்டு நேர் இணைப்பு கொடுக்கச் சொல்லும் வீடுகள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அது சொல்கிறது. வயர்மேனை அழைத்து அந்த இடத்தைத் தேடுங்கள்.

ஏற்கெனவே நனைந்துவிட்ட சாக்கெட் வீட்டில் இருந்தால், ஈரக் கையோடும் வெறுங்காலோடும் அதன் பக்கம் போகாதீர்கள். மாட்டியிருக்கும் பிளக்கைப் பிடுங்கவும் வேண்டாம். உலர்ந்த இடத்தில் நின்று மெயினை அணைத்துவிட்டு வயர்மேனை அழையுங்கள். ஹேர் டிரையரில் காய வைத்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாமே என்று தோன்றும். மேலே ஈரம் காய்ந்தாலும், உள்ளே பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அந்தக் களிம்பால் பிளக்கின் பிடி தளர்ந்து, 16 ஆம்பியர் ஓடும்போது சூடேறும். வெயில் காலத்தில், மழையே இல்லாத ஒரு நாளில் கருகும் வாசனை வருவது இப்படித்தான். சாக்கெட்டை மாற்றிவிட்டு, பிறகு புதிய மூடியை மாட்டுங்கள்.