தீக்குத் தப்பிய பதிவேடுகள்



அயர்லாந்துக் குடும்பம் ஒன்றின் வேரைத் தேடிப் போகிறவர்கள் 1922 ஜூன் 30 என்ற நாளைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்நாட்டுப் போரின் தொடக்க நாட்களில் ஒன்றான அன்று, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி சாம்பலானது. அங்கே ஒப்படைத்திருந்த அயர்லாந்துத் திருச்சபைப் பதிவேடுகளும் உயில்களும் உடன் போயின. ஆனால் பழி முழுவதையும் தீயின் மேல் போட முடியாது. 1861, 1871 ஏடுகளை அரசே அதற்கு முன் அழித்திருந்தது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. தீக்கு முற்பட்ட கணக்கெடுப்புகளில் முழுமையாக எஞ்சியவை 1901, 1911 ஆகிய இரண்டே.

ஆகவே 19-ஆம் நூற்றாண்டுக் குடியானவரைத் தேட, நிலப் பதிவையும் கோயில் பதிவையுமே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. இவற்றில் பெயரைத் தேடுமுன், ஏட்டை எழுதியவர் எதற்காக எழுதினார் என்று கேட்க வேண்டும் என்பதே இந்த அவையில் நான் முன்வைக்கும் கருத்து.

1823 முதல் 1837 வரை தொகுத்த தசமபாக ஏடுகள் அயர்லாந்துத் திருச்சபைக்கு வரி தண்ட எழுந்தவை. கத்தோலிக்க உழவரும் அந்த வரியைக் கட்ட வேண்டியிருந்ததால் அவர் பெயரும் அதில் ஏறியது. நிலமற்ற கூலியாளின் பெயர் ஏறவில்லை. ரிச்சர்ட் கிரிஃபித் மேற்பார்வையில் 1847–1864 காலத்தில் வெளியான நில மதிப்பீடும் வரிக்கானதே. குடியிருந்தவர், அவருக்குக் குத்தகைக்கு விட்டவர், பரப்பு, மதிப்பு எல்லாம் அதில் உண்டு. மனைவி மக்கள் பற்றிப் பேச்சே இல்லை. பல வட்டாரங்களில் இம்மதிப்பீடு முடிந்தது பெரும் பஞ்சத்துக்குப் பிறகு. எனவே அதில் பெயர் காணாத குடும்பம் அவ்வூரில் வாழ்ந்ததே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. இறந்திருக்கலாம், கப்பலேறியிருக்கலாம்.

கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகள் பங்குகளிடமே இருந்ததால் தீக்குத் தப்பின. கத்தோலிக்கரை ஒடுக்கிய தண்டனைச் சட்டங்களின் நெருக்கடியாலும் வறுமையாலும் பல இடங்களில் அவை காலந்தாழ்ந்தே தொடங்குகின்றன. தேசிய நூலகம் நுண்படமாக எடுத்துவைத்த அவற்றின் படிமங்களை 2015 முதல் இணையத்தில் காணலாம். திருமுழுக்குப் பதிவில் தந்தை பெயரோடு, பெரும்பாலும் தாயின் பிறந்தகத்துக் குடும்பப் பெயரும் ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும். ஞானப் பெற்றோர் பலர் உறவினர். அவர்களைத் தொடர்ந்தால் குடும்பம் விரியும்.

நிலப் பதிவு இடத்தைச் சொல்கிறது, உறவைச் சொல்வதில்லை. கோயில் பதிவு உறவைச் சொல்கிறது, இடத்தைப் பல நேரம் விட்டுவிடுகிறது. இரண்டையும் இணைப்பது டவுன்லாந்து என்னும் சிற்றூர்ப் பிரிவு. நாடெங்கும் 60,000-க்கு மேற்பட்ட டவுன்லாந்துகள் உண்டு. ஆனால் நிலப் பதிவு பின்பற்றும் குடிமைப் பங்கின் எல்லையும் கோயில் பதிவு பின்பற்றும் கத்தோலிக்கப் பங்கின் எல்லையும் ஒன்றல்ல என்பதை மறந்தால் தேடல் வழிதவறும்.

ஏட்டின் நோக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று. 1908-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது, எழுபது வயதைக் காட்ட முதியவர்களிடம் பிறப்புச் சான்று இல்லை. எல்லாருக்குமான பிறப்புப் பதிவு 1864-இல்தான் தொடங்கியது. 1841, 1851 கணக்கெடுப்பில் தங்கள் பெயரைத் தேடித் தரக் கேட்டு விண்ணப்பித்தார்கள். மூல ஏடுகள் எரிந்தன. அந்தத் தேடல் படிவங்கள் எஞ்சின. ஏழைகளின் விண்ணப்பத்தால் பிழைத்த கணக்கெடுப்புத் துண்டுகள் அவை.

இங்கே கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். பெயர் ஒத்துப்போவதை உறவுக்கு ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். ஒரே பங்கில் ஒரே பெயருடையோர் பலர் இருப்பது அயர்லாந்தில் இயல்பு. நிலம், கோயில் இரண்டும் சேர்ந்து சொல்வதை முடிவாகவும், ஒன்று மட்டும் சொல்வதை ஊகமாகவும் பிரித்துக் காட்டுங்கள். அந்தப் பிரிப்பைத் தெளிவாகச் செய்யும் கட்டுரைகளை எதிர்பார்த்து, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.