முறம் கற்பித்த மொழி



முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்து ஓய்வு பெற்றவன் யான். என் பிழை ஒன்றைச் சொல்லியே இப்பேச்சைத் தொடங்குகிறேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுவன். வாய் திறவான், வாசிக்கவும் மாட்டான். அவன் தாயாரை வரவழைத்தேன். "மாலையில் எனக்குக் கூடமாட ஒத்தாசை செய்கிறான், ஐயா" என்றார். "வீட்டு வேலையை நிறுத்துங்கள், படிக்கட்டும்" என்று கட்டளையிட்டேன். அவரும் நிறுத்தினார். பையனோ முன்னினும் ஊமையானான்.

ஒருநாள் சத்துணவுக் கூடத்தின் வாயிலில் அவன் குரல் கேட்டது. "புடைத்தால் உமிதான் பறக்கும், ஆயா. நொய் பிரியக் கொழிக்க வேண்டும். கல் போக நீரில் அரிக்க வேண்டும்" என்று சமையல் செய்யும் அம்மையாரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் திகைத்து நின்றேன். 'தூய்மை செய்தல்' என்று நான் ஒரே சொல்லில் அடக்கிய செயலுக்கு அவனிடம் மூன்று வினைகள் இருந்தன. கொழித்தல் என்பதில் ழகரமும் பிழையின்றி ஒலித்தது.

மறுநாள் சோறாக்கும் விதத்தை வகுப்பில் சொல்லச் சொன்னேன். "அரிசியைக் களைந்து, உலையிலிட்டு, கொதித்ததும் கிளறி, வெந்தபின் வடித்து" என்று தொடர்ந்தான். வினையெச்சத்திற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டுமோ? அவன் சொற்களையே கரும்பலகையில் எழுதினேன். அவன் முதன்முதல் தடையின்றி வாசித்த பாடம் அதுவே. அன்று மாலையே தாயாரைக் கண்டு என் கட்டளையைத் திரும்பப் பெற்றேன்.

கைத்தொழிலை நடுவாகக் கொண்டு கல்வி புகட்டவேண்டுமென 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் வற்புறுத்தினார். பயிற்சிப் பள்ளியில் அதைப் படித்துத் தேர்வு எழுதினேன், உணர்ந்ததோ அச்சிறுவனிடம்.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். இன்று அரிசி தூய்மையாகவே கடையிலிருந்து வரலாம். ஆயினும் கீரை ஆய்தலும், தேங்காய் துருவுதலும், துணி மடித்தலும் உண்டல்லவா? "அதை எடுத்து அங்கே வை" என்னாதீர்கள். "உழக்கை எடுத்துப் பானைமேல் கவிழ்த்து வை" என்னுங்கள். செய்து முடித்ததைப் பாட்டியிடம் முறையாகச் சொல்லச் செய்யுங்கள். ஆண், பெண் என்ற வேற்றுமை வேண்டா. பள்ளி நேரத்தையும் விளையாட்டையும் பறிக்கும் வேலையும் வேண்டா. குழந்தை கேட்கும் கேள்விக்கு மறுமொழி சொல்லப் பொறுமை ஒன்றே வேண்டும்.

பேசாத பிள்ளை என்று எவரையும் முடிவு கட்டிவிடாதீர்கள். அவன் எங்கே பேசுகிறான் என்று தேடுங்கள். நான் காலந்தாழ்த்தித் தேடினேன்.